பொட்டாட்டின் மூக்கு

பொழுது சாய்ந்து மந்தை திரும்பும்போது முருகம்மாள் கண்ணை மூடிக்கொள்வார். பகலெல்லாம் குட்டிகளை அடைத்திருந்த மூங்கில் கூட்டைத் திறந்ததும் ஐம்பதும் ஒரே மூச்சில் கத்தும். தாய்கள் பதிலுக்குக் கத்தும். அந்த இரைச்சலுக்குள், எந்தத் தாய்க்கு இன்னும் பதில் வரவில்லை என்று அவர் காது தேடிக்கொண்டிருக்கும். "கண்ணால பாத்தா எல்லாம் ஆடுதேன். காதால கேட்டாத்தேன் ஒவ்வொண்ணும் ஒரு ஆளு" என்பார்.

அபிராமத்துப் பக்கம், அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போடுவதுதான் அவருக்கும் கணவர் நாகநாதனுக்கும் பிழைப்பு. இரவில் ஆடுகள் படுத்தெழுந்த வயலுக்கு அவற்றின் புழுக்கையே எரு. குட்டி ஈனும் மாதங்களில் முருகம்மாள் தலையில் மல்லிகை ஏறாது. கிடைக்குள் சோப்புக்கும் இடமில்லை. ஆட்டுக்கு அவர் பெயர் வைப்பதுமில்லை. "அதுக்கு அதோட வாசந்தேன் பேரு. நம்ம என்ன புதுசா வைக்கிறது?"

இந்த மாசியில் அந்தச் சட்டத்தை மீறியவர் நாகநாதன். பிறந்து நான்கே நாளான குட்டி ஒன்று வாய்க்கால் சேற்றில் விழுந்துவிட்டது. பாவம் பார்த்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, தன் துண்டால் துவட்டியும் விட்டார். மாலையில் குட்டி கத்தியதும் அதன் தாயான பொட்டாடு ஓடி வந்தது. வால் பக்கம் முகர்ந்தது. முட்டித் தள்ளியது.

"பளபளன்னு இருந்தா நல்லாருக்கும்னு நெனச்சேன்" என்றார் நாகநாதன்.

"ஆமா, பொண்ணு பாக்க வாராகளாக்கும்! பவுடரு பூசலயா?"

புட்டியில் பசும்பால் கொடுத்தார்கள். குட்டிக்குக் கழிச்சல் கண்டது. தாய்ப்பால் இல்லாவிட்டால் பிழைக்காது. வயல்காரர் வீரபத்திரன் எட்டிப் பார்த்து, "ஒத்தக் குட்டிதான, விட்டுத் தொலைங்கத்தா" என்றார்.

"ஏன் விடணும்? அது குரலு சரின்னு ஓடி வருது, வாசம் தப்புன்னு ஒதுங்குது. அது பேசுறது நாயமாத்தேன் இருக்கு. நாமதேன் வாசத்தத் திருப்பிக் கொண்டாரணும்."

பொட்டாட்டைக் கருவேல மரத்தில் கட்டினார் முருகம்மாள். பின்னங்காலை இறுகப் பிடித்து, குட்டியை மடியில் பால் குடிக்கவிட்டார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு பகல் பாராமல். "தன் பாலு குட்டி வயித்துல எறங்கி, பின்னால வாசமா வரணும். அப்பத்தேன் நம்பும்." இரண்டு உதை வாங்கி முழங்கால் வீங்கியது. "நீ உதை ஆத்தா. நானும் இங்கனதேன் இருப்பேன்" என்று ஆட்டிடமே சொன்னார்.

மூன்றாம் நாள் காலையில், பால் குடித்துக்கொண்டிருந்த குட்டியின் வால் பக்கம் ஆடு தலையைத் திருப்பியது. முகர்ந்தது. நிறுத்தி, மறுபடி முகர்ந்தது. பிறகு வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே தணிவாக ஒரு முனகல். தான் ஈன்ற குட்டியிடம் மட்டும் தாய் பேசுகிற சத்தம்.

பின்னாலிருந்து நாகநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். திரும்பாமலே முருகம்மாளின் இடது கை நீண்டு அந்த வாயைப் பொத்தியது. வலது கை, ஆட்டின் காலை விரல் விரலாக விட்டது.