குல்சைராவின் ஊசிப்படிகங்கள்

பிஷ்கெக்கில் முப்பத்தோரு வருடம் வேதியியல் நடத்திய குல்சைரா துய்ஷெனோவா, அதில் பன்னிரண்டு வருடத்தை ஒரே ஒரு பொருளுக்குக் கொடுத்தாள். பார்ப்பதற்கு அரைத்த சர்க்கரைபோல இருக்கும் ஒரு கரிமச் சேர்மம் அது. அதன் மூலக்கூறுகள் உப்பைப்போல இறுகப் பிடித்துக்கொண்டு நிற்பவை அல்ல. ஒன்றின் தோளில் ஒன்று லேசாகக் கை வைத்து நிற்பவை. கொஞ்சம் சூடு கூடினாலும் குறைந்தாலும் நிற்கிற வரிசையே மாறிவிடும். அந்த வரிசைகளைக் கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை.

நகரத்துக்கு ஃப்ரூன்ஸே என்று பெயர் இருந்த நாளில், எண்பத்தாறாம் வருடம், அந்தச் சேர்மம் அவளுக்கு ஊசி ஊசியாகப் படிந்தது. சூட்டுத்தட்டில் வைத்தபோது எழுபது டிகிரியில் ஊசிகள் வெட்டுக்கிளிபோலத் துள்ளி விழுந்தன. முதல் முறை துள்ளியவற்றைத் தேடி அவள் தரையில் முழங்காலிட்டுத் தவழ்ந்தாள். அந்த ஊசிகளால்தான் அவளுக்கு முனைவர் பட்டம் வந்தது, பேராசிரியர் பதவியும் வந்தது.

பிறகு சோவியத் ஒன்றியம் உடைந்தது. உடன் வேலை செய்தவர்களில் பாதிப் பேர் தோர்தோய் சந்தையில் சட்டைகளும் செருப்புகளும் விற்கப் போனார்கள். குல்சைரா போகவில்லை. அவளோடு நின்றவன் நரின் என்ற மலையூரிலிருந்து வந்த அவளுடைய ஆய்வு மாணவன் சாமாத் ஒருவன்தான். இரண்டு குழந்தைகளின் தகப்பன். ஊசிகள் என்ன விசையோடு துள்ளுகின்றன என்று அளப்பது அவனுடைய ஆய்வு. ஏழு வருடமாக அளந்துகொண்டிருந்தான். எல்லாரையும்போல அவனும் அவளை எஜே என்றுதான் கூப்பிடுவான், அக்கா என்று அர்த்தம்.

தொண்ணூற்றாறின் குளிர்காலத்தில் ஆய்வுக்கூடத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் வெடித்தது. அந்தக் குளிரில் குடுவைகளில் எதுவும் ஒழுங்காகப் படியவில்லை. அந்தச் சமயம் பார்த்து சாமாத்தின் அப்பா இறந்து, நாற்பதாம் நாள் சடங்குக்காக அவன் ஊருக்குப் போயிருந்தான். குல்சைரா ஒரு குடுவையைச் சால்வையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்து, நிலக்கரி அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் வைத்தாள்.

"சோர்போ சூப்பு வைக்கிற இடத்துல இது என்ன? ராத்திரி நான் தெரியாம குடிச்சிட்டா துள்ளுவேனா?" என்றார் அவள் கணவர் தாயிர்.

"நீங்க எழுந்து நடந்தாலே போதும்" என்றாள் அவள்.

ஒன்பதாம் நாள் குடுவையின் அடியில் படிகம் கட்டியிருந்தது. ஊசிகள் அல்ல, நகம்போல மெல்லிய தகடுகள். அதே பொருளின் இன்னொரு வடிவம். குல்சைரா குடுவையை மறுபடி சால்வையில் சுற்றினாள். மறுநாள் காலை ஆய்வுக்கூடத்துக்குப் போய், கோட்டைக்கூடக் கழற்றாமல் குடுவையைத் திறந்து தகடுகளைச் சுரண்டி எடுத்து, எக்ஸ்ரே படத்துக்காகக் கல்லுரலில் பொடியாக அரைத்தாள். நாளையும் நேரத்தையும் குறிப்பேட்டில் எழுதினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் ஓர் ஊசிகூடப் படியவில்லை.

சாமாத் திரும்பி வந்து வைத்த கரைசலெல்லாம் தகடாகத்தான் வந்தது. அலமாரியில் பத்து வருடமாகப் பத்திரமாக இருந்த பழைய ஊசிகளும் ஒவ்வொரு குப்பியாக மங்கி, சுண்ணாம்புபோல வெளுத்து உதிர்ந்தன. மூன்றாவது வாரம் குல்சைராவுக்குப் புரிந்துவிட்டது. அவள் அரைத்தபோது பறந்த தூசுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் கரைசலில் விழுந்தால் போதும், அத்தனையையும் தன்னைப்போலவே அடுக்கிக்கொள்ளும். தகடுதான் நிலையான வடிவம். அது ஒருமுறை பிறந்துவிட்ட இடத்தில் ஊசிக்கு வாழ்வில்லை.

இதை அன்றே அவனிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு கரண்டி கழுவாமல் கிடந்தாலே மாணவர்களை அழவைத்தவள் அவள். தானே திறந்து, தானே அரைத்து, தானே கெடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஆல்கஹால் சரியில்ல போலிருக்கு" என்றாள்.

சாமாத் நம்பினான். ஆல்கஹாலை மாற்றினான், கண்ணாடிச் சாமான்களை அமிலத்தில் ஊறவைத்தான், சுவரைக்கூடச் சுரண்டி வெள்ளையடித்தான். கோடையில் இருவரும் புதுக் குடுவை, புது ஆல்கஹாலோடு பாலிக்சி போய், ஏரிக்கரையில் இருந்த அவளுடைய தங்கை வீட்டுச் சமையலறையில் முயன்றுபார்த்தார்கள். அங்கும் தகடுதான் வந்தது. குல்சைரா ஆய்வுக்கூடத்தில் வழக்கமாகப் போடும் கம்பளிச் சட்டையைத்தான் அன்றும் போட்டிருந்தாள். சாமாத் குடுவையைப் பார்த்தான், பிறகு அந்தச் சட்டையைப் பார்த்தான். வெளியே போய்க் கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

தொண்ணூற்றெட்டில் அவனுடைய ஆய்வேடு பட்டச் சபைக்கு வந்தது. மாதிரியைச் சோதித்த வெளியூர் நிபுணர், ஏட்டில் எழுதியிருப்பது வேறு, அனுப்பியிருப்பது வேறு என்று எழுதியிருந்தார்.

"துள்ளுற படிகம்னு இருநூறு பக்கம் எழுதியிருக்க தம்பி. ஒண்ணே ஒண்ணு துள்ளட்டும், பாத்துட்டு நாங்க சாப்பிடப் போறோம்" என்றார் சபைத் தலைவர். சிலர் சிரித்தார்கள்.

சாமாத் நின்ற இடத்திலிருந்தே குல்சைராவைப் பார்த்தான். தலைவர் குல்சைராவின் பக்கம் திரும்பி, இந்த அளவுகளை எடுத்தபோது நீங்கள் கூட இருந்து பார்த்தீர்களா என்று கேட்டார். சொல்வதற்கு அதுதான் நேரம். அடுப்பு, குடுவை, கல்லுரல், நாள், எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தன.

"எண்பத்தாறுல துள்ளினத நான் பாத்தேன். இவர் எடுத்த அளவுகள... கூட இருந்து பாக்கல."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சாமாத்தின் ஏடு திருப்பி அனுப்பப்பட்டது. இட்டுக்கட்டியவன் என்று யாரும் எழுதவில்லை, எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இலையுதிர் காலத்தில் அவன் ரஷ்யாவுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டான். கூடத்தின் சாவியை அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அதன்பின் குல்சைரா ஆய்வு எதுவும் செய்யவில்லை. முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் பாடம் எடுத்தாள். தாயிர் இறந்தார். வீட்டில் எரிவாயு வந்தபிறகும் அந்த நிலக்கரி அடுப்பை அவள் இடிக்கவில்லை, மூட்டவும் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில், வேறொரு நாட்டில் ஒரு மருந்துக்கு இதே கதி நேர்ந்ததைப் பற்றி ஒரு கட்டுரை அவள் கண்ணில் பட்டது. பெரிய தொழிற்சாலை, நூற்றுக்கணக்கான ஆட்கள், அவர்களாலும் பழைய வடிவத்தை மீட்க முடியவில்லை. படித்து முடித்துவிட்டு, சாமாத்தின் அக்காவைத் தேடிப் பிடித்து அவனுடைய எண்ணை வாங்கினாள்.

அவன் எகடெரின்பர்க்கில் ஒரு கிடங்கில் இருந்தான். பின்னால் வண்டிகள் இரைந்தன. குல்சைரா தான் யாரென்று சொல்லிவிட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தாள்.

"தெரியும் எஜே" என்றான் அவன்.

"எப்படித் தெரியும்?"

"உங்க குறிப்பேட்டப் படிச்சேன். பாலிக்சிக்கு முன்னாடியே. தேதி போட்டு எழுதியிருந்தீங்களே."

"அப்ப ஏன்டா சபையில சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னுட்டிருந்தேன்." யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, அவளுடைய உடம்பு எப்படி, கால் வலி தேவலையா என்று விசாரித்தான். "பையன் கல்லூரியில சேந்துட்டான் எஜே. கணக்குப் பாடம். வேதியியல் வேணாம்னு நான்தான் சொன்னேன்."

அந்த வாரமே குல்சைரா பட்டச் சபைக்கு ஒன்பது பக்கத்தில் கடிதம் எழுதினாள். நடந்ததை நாள்வாரியாக எழுதி, குறிப்பேட்டின் நகலையும் அந்தக் கட்டுரையையும் சேர்த்து, பிழை என்னுடையது, அவருடைய அளவுகள் உண்மை என்று கையெழுத்திட்டாள். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. குறிப்பிட்ட சபை இப்போது இல்லை, அதன் கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன, மறுபரிசீலனைக்கு வழியில்லை.

அன்றைக்கு அவளுக்குப் பத்து மணி வகுப்பு. திண்மங்களைப் பற்றிய பாடம். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டுப் போய்க் கரும்பலகையில் தலைப்பை எழுதினாள். அதற்குமேல் எழுத வரவில்லை. மாணவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள், பிறகு தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். மணி அடிக்கும்வரை அவள் பலகையைப் பார்த்தபடியே நின்றாள்.