சீதன உறுதியில் எழுதப்பட்ட வள்ளி

தொண்ணூற்றாறில் கனடாவின் ஸ்கார்பரோவில் ஒரு பள்ளிக்கூட ஹோலில் என் கதையை வாசிக்க விடமாட்டோம் என்றார்கள்!

அதுவும் மேடைக்குப் பின்னால், என் முறை வரப் பத்து நிமிடம் இருக்கும்போது.

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா. மஃபின் ஃபாக்டரியில் வேலை செய்துகொண்டே, பிரேக் நேரங்களில் எழுதிய கதை அது. (சில பக்கங்களில் புளூபெரிக் கறை!)

ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்து யாழ்ப்பாணத்தில் அடிமையாக இருந்த ஒரு பெண்ணின் கதை. அந்தக் காலச் சீதன உறுதிகளில் (பத்திரங்களில்) காணி, நகையோடு அடிமைப் பெண்களையும் எழுதிக் கொடுத்தார்கள் என்று லைப்ரரிப் புத்தகமொன்றில் படித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

சங்கத் தலைவர் என் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, அடிமை எண்டா அமெரிக்காவில தானே? அங்க நடந்ததா மாத்திப்போட்டு வாசியும்."

"இல்லை அங்கிள், இது எங்கட ஊரில நடந்தது."

"எங்கட சனத்தை ஏன் சபையில கேவலப்படுத்துறீர்? மாத்தாட்டி வாசிக்கவேண்டாம்."

எனக்குப் பயம் வந்தது. கோபமும் வந்தது. கடைசியில் கோபம்தான் வென்றது.

என் பெயரைக் கூப்பிட்டதும் தாள்களை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு (சரி, பறித்துக்கொண்டு!) மேடை ஏறிவிட்டேன்.

கல்யாண வீட்டில் உறுதி வாசிக்கும் இடத்திலிருந்து கதை தொடங்கும்.

"வடக்குக் காணி பத்துப் பரப்பு... பனை இருபது... அட்டியல் ஒன்று..."

சபை சிரித்தது. சீதன லிஸ்ட் தெரியாத தமிழர் உண்டா?

"...வள்ளி என்னும் அடிமைப் பெண்ணும், அவள் பெற்ற பிள்ளையும்."

சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ர பிள்ளையை எழுதிக் குடுக்க நீங்கள் ஆர்?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்கிறாள் வள்ளி. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோணி ஏறிப் போய்விடுகிறாள்.

வாசித்து முடித்தேன். ஒருவரும் கைதட்டவில்லை.

தலைவர் வந்து மைக்கைப் பிடித்தார். "இது வெறும் கற்பனை. எங்கட ஊரில உப்பிடி ஒண்டும் நடக்கேல்லை."

"நடந்தது!"

முன்வரிசையில் ஒரு அன்ரி எழுந்து நின்றார். தலைவரின் மனைவி!

"எங்கட அப்பா பழைய ஓலை உறுதியை வாசிச்சுக் காட்டினவர். உங்களுக்குச் சீதனமா வந்த காணியின்ர உறுதிதான். அதில மாட்டுக்குப் பிறகு ஒரு பொம்பிளையையும் எழுதியிருந்தது!"

பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். தலைவர் மைக்கை மெல்லக் கீழே வைத்தார்.

அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, அந்த உறுதியில அவளுக்குப் பேர் இல்லை. ஒரு பெண் எண்டு மட்டும்தான் கிடந்தது. அவளுக்கும் வள்ளி எண்டே வைப்பமோ?"

"ஓம் அன்ரி" என்றேன்.

"அப்ப இன்னொருக்கா வாசியும். எல்லாரும் வடிவாக் கேக்கட்டும்."

மறுபடி வாசித்தேன். இந்த முறை லிஸ்டுக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. வள்ளி தோணியில் கால் வைத்தபோது ஹோலே எழுந்து நின்று கைதட்டியது!

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பழைய உறுதிகளை யாராவது கடைசி வரி வரைக்கும் வாசித்திருக்கிறீர்களா?