படம்: பெறப்பட்டது

மின்யாருக் ஊர்க்காரர்கள் புதன்கிழமை வரும் உள்ளூர்ப் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்துதான் படிப்பார்கள். முதலில் கையாலும் பிடித்து ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்து, பிறகு மரண அறிவிப்பு, பிறகு படங்களுக்கு அடியில் இருக்கும் பெயர்கள். பெயர் மாறிப்போனால் தொலைந்தது. விவசாயக் கண்காட்சியில் கேக்குக்குப் பரிசு வாங்கியவள் பெயருக்குப் பதிலாக அவள் நாத்தனார் பெயர் வந்துவிட்டது என்று ஒரு வீட்டில் பத்திரிகையையே நிறுத்தினார்கள். நாத்தனாரோடு பேச்சையும் நிறுத்தினார்கள். ஆனால் அந்தப் பெயர்களுக்கும் கீழே, படத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும். படம் எடுத்தவர் யார் என்கிற வரி. ஊரிலேயே அதைப் படித்த ஒரே ஆள் கிளெனிஸ் ராத்யென். படங்களை எடுத்தவளும் அவள்தான்.

கிளெனிஸுக்கு அறுபது நெருங்குகிறது. வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். சனிக்கிழமையானால் கேமராவோடு மைதானத்துக் கோட்டோரம் மண்டிபோட்டுக் கிடப்பாள். அடக்க ஒடுக்கமெல்லாம் அவளிடம் எதிர்பார்க்கக் கூடாது. தன் படம் நல்ல படம் என்று அவளுக்குத் தெரியும், கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

பத்திரிகை அலுவலகம் பேக்கரிக்குப் பக்கத்தில் இருந்தவரை ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவள் பெயர் ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு கம்பெனி பத்திரிகையை வாங்கி அலுவலகத்தைப் பூட்டியது. இப்போது பக்கங்களை மெல்போர்னில் உட்கார்ந்து யாரோ அடுக்குகிறார்கள். வெளியாட்கள் அனுப்பும் எல்லாப் படத்துக்கும் அங்கே ஒரே வாசகம்: 'படம்: பெறப்பட்டது.' ஏதோ வாசலில் கிடந்ததை எடுத்துப் போட்ட மாதிரி.

"இந்தப் பெறப்பட்டது நல்லாத்தான் எடுக்கறா, க்ளென்," என்பான் அவள் புருஷன் டெஸ், டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டே. "ஆளு யாருன்னுதான் தெரியல."

"வாய மூடிட்டுத் தின்னு," என்பாள் அவள்.

அந்த வருஷம் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. மின்யாருக் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. எதிரணி பக்கத்து ஊர் டால்காரா. இரண்டு ஊருக்கும் நீலமும் வெள்ளையும்தான் நிறம். மின்யாருக் சட்டையில் பட்டை நெடுக்காக ஓடும், டால்காரா சட்டையில் குறுக்காக ஓடும். இந்த வித்தியாசத்துக்காகக் கல்யாணங்கள் நின்றிருக்கின்றன. கோப்பை ஜெயித்த வாரத்து முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு கிளப் சுவரில் மாட்டுவது இரண்டு ஊரிலும் வழக்கம். அந்தச் சுவரில் தன் பெயர் ஏற வேண்டும் என்று கிளெனிஸ் துடித்தாள். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு மெல்போர்னுக்குப் போன் போட்டு, ஜாரட் என்கிற பக்க வடிவமைப்பாளனைப் பிடித்தாள்.

"இங்க பாரு கண்ணு. முதல் பக்கத்துப் படத்துக்குக் கீழ என் பேரு வரணும். வரலன்னா நான் பஸ்ஸ எடுத்துக்கிட்டு அங்கயே வந்துருவேன்."

"கட்டாயம் வரும், கிளெனிஸ். இப்பவே அடிச்சு வெச்சிடறேன். போதுமா?"

மின்யாருக் ஜெயித்தது. ஆட்டம் முடிந்த சைரன் ஒலித்ததும் அணித்தலைவன் புல்லிலேயே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். கேன்டீனில் இறைச்சி பஃப்ஸ் விற்றுக்கொண்டிருந்த அவன் அம்மா, ஏப்ரனும் கையில் தக்காளி சாஸ் பாட்டிலுமாக ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டாள். சாஸ் அவன் முதுகெல்லாம் வழிந்தது. கிளெனிஸ் எடுத்தாள். வாழ்நாளில் இப்படி ஒன்று இனி கிடைக்காது என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

புதன்கிழமை காலை பத்திரிகை வந்தது. முதல் பக்கம் முழுக்க ஒரு நெட்டையன் பந்தை எட்டிப் பிடிக்கிறான். சட்டையில் பட்டை குறுக்கே ஓடுகிறது. டால்காராக்காரன், அதுவும் போன வருஷம் அவர்கள் கோப்பை ஜெயித்தபோது எடுத்த படம். மேலே 'மின்யாருக் சாம்பியன்'. கீழே, 'படம்: கிளெனிஸ் ராத்யென்'. இடத்தைப் பிடித்துவைக்க ஜாரட் ஒரு பழைய படத்தைப் போட்டிருக்கிறான், மாற்ற மறந்திருக்கிறான். பெயரை மட்டும் சொன்ன சொல் தவறாமல் போட்டிருக்கிறான். சாஸ் பாட்டில் படம் பதினான்காம் பக்கத்தில், டிராக்டர் விளம்பரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. படம்: பெறப்பட்டது.

பேருந்தை நிறுத்திவிட்டு வருவதற்குள் ஊரே பற்றி எரிந்தது. பேக்கரி வாசலில் கிளப் தலைவர் கிரேம் ஹோபெல்ட் வழிமறித்தார். டிராக்டர் கடையும் அவருடையதுதான்.

"இத்தன வருஷமா எங்களப் படம் எடுக்கற. நெடுக்குக்கும் குறுக்குக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

"அத நான் எடுக்கல, கிரேம்."

"உன் பேரு போட்டிருக்கே."

"அந்த வரிய எப்பலருந்து படிக்க ஆரம்பிச்ச நீ?"

கிரேம் யோசித்தார். "எல்லாரும் படிக்கறாங்க. கொட்ட எழுத்துல போட்டாதான் படிப்பாங்களா?"

"வருஷக்கணக்கா அதுல பெறப்பட்டதுன்னு இருந்துச்சே. அப்ப ஒருத்தராவது கேட்டீங்களா?"

"அத யாரு பாக்கறா?"

அவளுக்கு அவரை அங்கேயே நாலு அறை அறையலாம் போல இருந்தது. அன்று மாலை டால்காராவிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்து, தன் மகனை அழகாக எடுத்ததற்கு நன்றி சொல்லி, ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டாள். அந்த ஒரு பாராட்டும் தப்பான வீட்டிலிருந்துதான் வந்தது.

ஜாரட் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். அடுத்த வாரம் இரண்டாம் பக்க மூலையில் திருத்தம் வந்தது: 'சென்ற வாரம் முதல் பக்கத்தில் வெளியான படத்தை எடுத்தவர் கிளெனிஸ் ராத்யென் அல்ல. வருந்துகிறோம்.' அவள் எடுத்தது எந்தப் படம் என்று ஒரு வார்த்தை இல்லை. டெஸ் அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினான். அவள் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

டால்காராக்காரனைச் சுவரில் மாட்ட முடியாது என்பதால் கிளப் கூடிப் பேசி, பதினான்காம் பக்கத்தை மாட்டுவதென்று முடிவு செய்தது. கிளெனிஸ் கிரேமைத் தேடிப்போனாள்.

"அந்தப் பெறப்பட்டது மேல ஒரு சீட்ட ஒட்டி என் பேர எழுதிடு. வேற ஒண்ணும் கேக்கல."

"பத்திரிகைல வந்தது வந்தபடிதான் இருக்கணும் க்ளென். சுவத்து வழக்கம் அது. நீ எடுத்ததுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத் தெரியும். உங்க பேரப்பிள்ளைங்களுக்கு?"

கிரேம் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

படத்தை மாட்டிய அன்று கிளப்பில் நல்ல கூட்டம். அணித்தலைவனின் அம்மா படத்தைப் பார்த்து அழுதாள், கிளெனிஸை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கூட்டம் பீர் பக்கம் நகர்ந்த பிறகு கிளெனிஸ் கிட்டே போய்ப் பார்த்தாள். கண்ணாடிக்குள்ளே அதே பொடி வரி. படச் சட்டத்தின் அடியில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு: 'சட்டம் உபயம்: ஹோபெல்ட் டிராக்டர்ஸ்.' பத்தடி தள்ளி நின்றாலும் படிக்கலாம்.

கிரேம் பக்கத்தில் வந்து நின்றார். "எப்படி இருக்கு?"

"ஆணி யாரு உபயம்?" என்றாள் கிளெனிஸ்.

கிரேமின் முகம் சுருங்கியது. "டெஸ்தான் குடுத்தான்," என்றார் கவலையாக. "அடடா, அவன் பேரயும் போட்டிருக்கணும் இல்ல?"