வளையல் சத்தத்தில் சிரிக்காதவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் உலு திராமில் எங்கள் வீட்டு ஹாலில் எனக்கு வளைகாப்பு நடந்தது. தலைப்பிள்ளை, ஒன்பதாம் மாதம். பட்டுச் சேலையும் தலை நிறையப் பூவுமாக ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முகத்தில்தான் சிரிப்பு. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்த அரிப்பு எனக்குத்தான் தெரியும்.

சில வாரங்களாகவே அந்த அவஸ்தை. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, ஆனால் படுத்தால் தூக்கமும் இல்லை. மாமியார் வேப்பிலை அரைத்துத் தடவினார். வயிற்றில் பிள்ளைக்கு முடி வளர்கிறது, அதனால்தான் அரிக்கிறது என்று நாத்தனார் அடித்துச் சொன்னார். எனக்கும் அது பிடித்துப் போயிற்று. அடர்ந்த கூந்தலோடு ஒரு பெண்பிள்ளையைக் கற்பனை செய்துகொண்டே சொறிந்தேன். போயும் போயும் அரிப்பையா டாக்டரிடம் சொல்வது என்று மாதப் பரிசோதனையிலும் வாய் திறக்கவில்லை.

வளைகாப்பில் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி, கண்ணாடி வளையல் போட்டார்கள். ஈரச் சந்தனம் பட்டதும் கொஞ்ச நேரம் சுகம். காய்ந்ததும் பழைய கதைதான். யாரும் பார்க்காமல் சேலை மடிப்புக்குள் கையை விட்டுச் சொறிந்தால், வளையல்கள் கலகலவென்று என்னைக் காட்டிக்கொடுத்தன. "பாப்பாவுக்குக் கேக்கட்டும், இன்னும் நல்லா ஆட்டு லா!" என்று பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. என் தோழி கோத்தா திங்கியிலிருந்து துணைக்கு அழைத்து வந்திருந்த அக்கா. பிரசவ வார்டில் நர்ஸ் என்று தோழி சொல்லியிருந்தாள். அன்றுதான் அவரை முதல் முறையாகப் பார்க்கிறேன். வளையல் போட வந்தவர், என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எப்பத்திலேருந்து அரிக்குது? கால்லயுமா? ஒண்ணுக்குக் கடும் மஞ்சளா போவுதா?"

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"இது தோல்ல வர்ற அரிப்பு மாதிரி தெரியலம்மா. மாசமா இருக்கறவங்களுக்கு ஈரல்ல கோளாறு வந்தாலும் இப்படி அரிக்கும். பாப்பாவுக்கு ஆபத்து. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

நல்ல காரியத்தில் ஆஸ்பத்திரி, ஆபத்து என்றெல்லாம் யாராவது பேசுவார்களா? மாமியார் முகம் சுருங்கிவிட்டது. "அலமாக், நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? மொதல்ல பசியாறுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் நாத்தனார்.

அந்த அக்கா அசரவில்லை. என் கணவர் பக்கம் திரும்பி, "என்னைத் திட்டணும்னா திட்டிக்குங்க. ஆனா இப்பவே காடியை எடுங்க" என்றார். கணவர் தன் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கார் சாவியை எடுத்தார். அக்காவும் சாப்பிடாமல் எங்களோடு கிளம்பிவிட்டார்.

ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில் கல்யாணப் பெண் கோலத்தில் போய் இறங்கினேன். ரத்தம் எடுக்க வந்தவருக்கு என் கையில் இடமே கிடைக்கவில்லை. பிரசவம் வரை வளையலைக் கழற்ற மாட்டேன் என்று நான் அடம்பிடிக்க, அக்கா அவற்றை மணிக்கட்டுப் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

அவர் பயந்தது சரிதான். ஈரலில் சுரக்கும் பித்தம் சரியாக இறங்காமல் ரத்தத்தில் ஏறியிருந்தது. கவனிக்காமல் விட்டால் சில சமயம் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறந்துவிடும் என்றார் டாக்டர். என்னை அங்கேயே சேர்த்து மருந்து கொடுத்தார்கள். கருவியில் பிள்ளையின் இதயத் துடிப்பு கேட்கும் போதெல்லாம்தான் எனக்கு மூச்சே வந்தது.

குறித்த தேதிக்கு முன்பே வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. வார்டே அதிரும்படி அழுதாள். அரிப்பு சில நாட்களில் போன இடம் தெரியவில்லை. குழந்தையின் தலையிலோ முடியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது! நாத்தனாரை இன்றுவரை விடாமல் கிண்டல் செய்கிறோம்.

அக்கா குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வந்தபோது, மாமியார் பேத்தியைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். வளைகாப்பு அன்று வந்தவர்கள் எல்லாரும் மனதார வாழ்த்தியது உண்மைதான். ஆனால் என் மகள் இன்று வீடு முழுக்க ஓடித் திரிகிறாள் என்றால், நல்ல நாளில் சொல்லக்கூடாத வார்த்தையை ஒருவர் துணிந்து சொன்னதால்தான்.