துண்டுக்கடியில் இரண்டு விரல்

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் ஆறுமுகசாமி கை கொடுத்துவிட்டார் என்றால் பேச்சு அத்தோடு முடிந்தது. அப்புறம் வானமே இடிந்து விழுந்தாலும் மாடு கைமாறியே தீரும். அவர் பெரிய பணக்காரர் இல்லை. கொஞ்சம் தென்னை, கொஞ்சம் கடலைக்காடு, மற்றபடி இந்தத் தரகுதான். ஆனால் சந்தையில் அவர் நடந்து வந்தால் பேச்சு கொஞ்சம் அடங்கும். அந்த மரியாதையை அவர் எங்கேயும் விலைக்கு வாங்கவில்லை.

அந்தச் சந்தையில் மாட்டின் விலையை வாயால் சொல்வது வழக்கமில்லை. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொள்வார். எதிராளியின் கையும் அதற்குள் வரும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் கையை உதறிவிட்டுப் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சம்மதம் என்றால் முழுக்கையையும் சேர்த்து ஓர் அழுத்து. அழுத்தின பிறகு மாற்றிப் பேசுகிறவனை மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஒருமுறை அவர் ஒரு காளைக்குக் கை கொடுத்து முடித்த பிறகு, பொள்ளாச்சி வியாபாரி ஒருவன் வந்து கூடுதலாகத் தருகிறேன் என்றான். காளைக்காரர் கெஞ்சினார், அப்புறம் திட்டினார், கடைசியில் மண்ணை வாரித் தூற்றாத குறை. ஆறுமுகசாமி அசையவே இல்லை. முதலில் கை கொடுத்தவனிடமே காளை போய்ச் சேர்ந்தது. அந்தக் காளைக்காரர் வெகுநாள் இவர் முகத்தில் விழிக்கவில்லை. பிறகு மாடு விற்க வந்தபோது நேராக இவரிடம்தான் வந்து நின்றார்.

யானைக்கும் அடி சறுக்கும். இந்த மனிதருக்கு ஓர் ஊசி விஷயத்தில் சறுக்கியது.

கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருக்கும் மகள் யோகப்பிரியாதான் அதைக் கிளப்பினாள். அக்கி வராமல் காக்க இப்போது ஊசி இருக்கிறது, இரண்டு தடவை போட வேண்டும், அறுபதைத் தாண்டிய அப்பா அவசியம் போட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். ஆறுமுகசாமி சிரித்தே விட்டார்.

"எனக்குச் சின்னதுலயே அம்மை வாத்தாச்சு சாமி. ஆத்தா வந்துட்டுப் போன ஒடம்புல அக்கி ஏறாது."

"ஏனுங்கப்பா, சின்னம்மை வந்தவங்களுக்குத்தானுங்க அக்கியே வரும்! அந்தக் கிருமி சாகாம நரம்புக்குள்ள படுத்துக் கெடக்கும். வயசானா எந்திரிச்சுக்கும்."

"ஆத்தாளைப் போய்க் கிருமிங்கறயா?"

அம்மை பார்த்த உடம்புக்கு அக்கி வராது என்று அந்தப் பக்கத்தில் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். இவருக்கோ அது வெறும் நம்பிக்கை மட்டுமில்லை. பத்து வயதில் பிழைக்க மாட்டான் என்று கைவிட்ட உடம்பு. மாரியம்மன்தான் திருப்பிக் கொடுத்தாள் என்று வருடா வருடம் நோன்புக்கு தீ எரிகிற பூவோட்டுச் சட்டியைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றுகிறவர். அவள் காப்பாள் என்று சொல்லிக்கொண்டே போய் ஊசி போடுவது, முகத்துக்கு நேரே அவளை நம்பவில்லை என்று சொல்வதுபோல் அவருக்குப் பட்டது.

மனைவி கமலாத்தாள் விடவில்லை.

"ஏனுங்க, கோமாரி ஊசி போடாத மாட்டுக்கு நீங்க கையே குடுக்க மாட்டீங்க. மிருக ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாய்யான்னு தொரத்தி உடுவீங்க. மாட்டுக்கு ஒரு நாயம், உங்களுக்கு ஒரு நாயமுங்களா?"

"மாட்டுக்கு ஆத்தா வந்துச்சா?" என்றார் ஆறுமுகசாமி. பதில் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியில் வெற்றிலையும் போட்டுக்கொண்டார்.

கமலாத்தாளின் பயத்துக்குக் காரணம் பக்கத்துத் தோட்டத்திலேயே இருந்தது. அதன் பெயர் நாச்சிமுத்து. ஆறுமுகசாமிக்கு மாமன் மகன், அவரும் சந்தைத் தரகர். சிறுவயதில் இருவருக்கும் ஒரே கோடையில், ஒரே வீட்டில்தான் அம்மை வார்த்தது. ஒரே வேப்பிலைப் படுக்கையில் கிடந்து எழுந்தவர்கள். அந்த நாச்சிமுத்துவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் வலக்கையில் அக்கி வந்தது. தோளிலிருந்து விரல் வரைக்கும் கொப்புளம். காவி குழைத்து அக்கி எழுதிப் பார்த்தார்கள், பிறகு ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது, எரிச்சல் மட்டும் போகவே இல்லை. சட்டைக் கை உரசினால் பல்லைக் கடிப்பார். காற்றுப் பட்டால்கூடத் துடிப்பார். அப்படிப்பட்ட கையைத் துண்டுக்கடியில் யார் பிடிப்பது? அன்றோடு அவர் சந்தைக்கு வருவதை விட்டுவிட்டார். தரகனுக்குக் கை போனால் நாக்குப் போன மாதிரிதான்.

நாச்சிமுத்துவுக்கு வந்ததே என்று கேட்டால் ஆறுமுகசாமி, "அது கண்ணேறு" என்பார். சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார்.

கமலாத்தாள் ஒருநாள் நேராக நாச்சிமுத்துவிடமே போய் நின்றாள்.

"அண்ணா, நீங்க ஒரு வார்த்த சொல்லோணுமுங்க. வேற ஆரு சொன்னாலும் அவரு காதுல ஏறாது."

நாச்சிமுத்து தன் வலக்கையைப் பார்த்தார்.

"சொன்னா அவன் கேக்க மாட்டான் கமலா. வாயிச் சொல்லுக்கெல்லாம் அவன் என்னைக்குக் கட்டுப்பட்டிருக்கறான்?"

அடுத்த சந்தையன்று நாச்சிமுத்து வந்தார். வலக்கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு, யாரும் இடித்துவிடாதபடி கூட்டத்தின் ஓரமாகவே நடந்து வந்தார். பார்த்தவர்கள் தாமாகவே வழி விட்டார்கள். ஒரு கறவை மாட்டின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறுமுகசாமி நிமிர்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நாச்சிமுத்து இடக்கையால் அவர் தோள்துண்டை உருவித் தன் வலக்கைமேல் போட்டுக்கொண்டார்.

"கையக் குடு மாப்ள."

"டேய், வேண்டான்டா. உனக்கு வலிக்கும்."

"குடுறா."

ஆறுமுகசாமி கையை நீட்டினார். துண்டுக்கடியில் நாச்சிமுத்துவின் கை வந்து அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்தது.

"எந்த மாட்டுக்குடா?" என்று கேட்டார் ஆறுமுகசாமி, ஒன்றும் புரியாமல்.

"மாடு இல்ல. ஊசி. ரெண்டும் போடோணும்."

பிடிக்காவிட்டால் கையை உதறலாம், சந்தை வழக்கம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் இந்தக் கையை எப்படி உதறுவது? நாச்சிமுத்துவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், கண் நிறைந்துவிட்டது. சட்டைத் துணி பட்டாலே துடிக்கிற கை, பிடியை விடவில்லை. பதில் சொல்லத் தாமதிக்கிற ஒவ்வொரு நொடியும் அந்தக் கைதான் எரிகிறது என்று ஆறுமுகசாமிக்குத் தெரிந்தது. வாழ்நாளில் இவ்வளவு பெரிய பேரத்தில் அவர் மாட்டியதே இல்லை.

"குடுத்துட்டன்டா," என்றார். "கை குடுத்துட்டன். உடுறா, தயவு பண்ணி உடு."

ஊசிக்காகக் கோயம்புத்தூர் புறப்படுகிற அன்று காலை மாரியம்மன் கோயிலில் போய் நின்றார். "உன்னைய நம்பாமப் போகல தாயி. கை குடுத்துட்டன், என்ன பண்ணுவேன்?" என்று சொல்லித் திருநீறு பூசிக்கொண்டார். அம்மனுக்கும் சந்தை வழக்கம் தெரியாமலா இருக்கும்!

ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸ் வலது சட்டைக்கையை மேலே தள்ளச் சொன்னபோது மட்டும் முறைத்தார்.

"எடக்கையில போடுங்க கண்ணு. வலக்கை சோத்துக்கு மட்டுமில்ல, சந்தைக்கும் வேணும்."

முதல் ஊசி சும்மா விடவில்லை. தோள் வீங்கி, காய்ச்சல் அடித்து, இரண்டு நாள் கட்டிலில் கிடந்தார். "இந்த ஊசிக்கு அக்கியே தேவல" என்று முனகினார். வலி எப்படி என்று பார்த்துப் போக வந்திருந்த நாச்சிமுத்து வாசலில் நிற்பதைப் பார்த்ததும் முனகலை விழுங்கிக்கொண்டார். இன்னொன்று போட வேண்டுமா, ஒன்றே போதாதா என்று உறவுக்காரர்கள் கேட்டபோது, "ரெண்டு வெரலப் புடிச்சிருக்கறான்" என்று மட்டும் சொன்னார். தேதி வந்ததும் யாரும் நினைவுபடுத்தாமலே போய் இரண்டாவதையும் போட்டுக்கொண்டு வந்தார். இதையெல்லாம் பிடிவாதம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். இந்தப் பிடிவாதம் நாலு பேருக்கு இருந்தால் ஊர் உருப்படும்.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நாச்சிமுத்துவின் தோட்டத்துக்குப் போனார். நாச்சிமுத்து தென்னை நிழலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஆறுமுகசாமி பக்கத்தில் உட்கார்ந்து, தோள்துண்டை எடுத்து மடிமேல் விரித்து, அதற்கடியில் உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுதுடா மாப்ள."

நாச்சிமுத்து மெல்லத் தன் கையைத் துண்டுக்குள் கொண்டுவந்து அந்த உள்ளங்கையில் வைத்தார். பேரம் முடிந்தால் சேர்த்து அழுத்த வேண்டும், அதுதான் வழக்கம். ஆறுமுகசாமி விரல்களை மடக்கவே இல்லை. அந்தக் கை அங்கே இருக்க விரும்பிய வரைக்கும், காற்றுகூடப் படாமல் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.