சண்முகப்ரியாவின் இடது கால்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்குச் சண்முகப்ரியாவின் இடது கால் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் போய்விடும். ஈஸ்ட் பிரன்ஸ்விக் என்ற அமெரிக்க ஊரில் தமிழ்ப் பள்ளி நடப்பது வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக் கட்டடத்தில். வார இறுதியில் ஒரே ஒரு கதவைத்தான் திறக்கலாம். அதுவும் கையை விட்டால் தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும் ரகம். கல்லோ கட்டையோ முட்டுக் கொடுக்கக் கூடாது என்று சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். காலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

"நிலை மூணுங்களா? நேராப் போயி லெஃப்ட்ல ரெண்டாவது ரூம். ஏன் கண்ணு அழற, ஸ்நாக் பேக்க விட்டுட்டியா? அம்மா பார்க் பண்ணிட்டு வரட்டும், என்கிட்ட குடுக்கச் சொல்றேன்." கை வழி காட்டும், வாய் பதில் சொல்லும், கால் மட்டும் அசையாது. அவளுடைய காலணிகளில் இடது காலணியின் ஓரம்தான் முதலில் தேயும்.

ஈரோட்டுக்காரி. வயது நாற்பத்திரண்டு. வார நாட்களில் ஒரு மருந்து கம்பெனியில் நெட்வொர்க் வேலை. போனை எடுத்தால் ஹலோ சொல்லும் வழக்கம் கிடையாது, "சொல்லுங்க, யாருக்குச் சொல்லணும்?" என்றுதான் ஆரம்பிப்பாள். யாருக்காவது யாரிடமாவது நேராகப் பேசச் சங்கடமாக இருந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "என்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிக்கறேன்" என்பாள். சொல்லவும் செய்வாள், காரத்தை வழியிலேயே கொட்டிவிட்டு. பள்ளித் தலைவர் ரஞ்சித்குமார், "அந்த மனுஷன் ஒரு மெயிலுக்குப் பதில் போட ஒரு வாரம் எடுத்துக்கறாருங்க, சுத்த வேஸ்ட்" என்று பொரிந்து தள்ளியது, உரியவர் காதில் போய்ச் சேரும்போது, "உங்க பதிலுக்காக ரஞ்சித் காத்துட்டிருக்காருங்க" என்று ஆகியிருக்கும். வீட்டிலும் இதே உத்தியோகம்தான். மகள் வெண்பா ஆங்கிலத்தில் எரிந்து விழுவதை அப்பாவுக்கும், அப்பா தமிழில் உறுமுவதை மகளுக்கும் பதம் பார்த்துப் பரிமாறுவாள்.

இப்படிப்பட்டவள் கையில் ப்ராக்ஸி என்ற இடையாள் மென்பொருளைக் கொடுத்தால் விடுவாளா?

பள்ளிக்கு நான்கு வலைச் செயலிகள் இருந்தன. சேர்க்கைக்கு ஒன்று, வருகைப் பதிவுக்கு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு யார் முறை என்று பார்க்க ஒன்று, நூலகத்துக்கு ஒன்று. நான்கு வருடங்களில் நான்கு தன்னார்வலர்கள் எழுதியவை. நான்கு முகவரி, நான்கு கடவுச்சொல். பெற்றோர் திணறினார்கள். "எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ரெடிமேடா ஒண்ணு வாங்கிடலாம்" என்றார் ரஞ்சித்குமார்.

நூலகச் செயலியை எழுதியவர் வரதராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற வேதியியலாளர். அறுபத்தெட்டாவது வயதில் யூட்யூப் பார்த்துக் கோடிங் பழகி எழுதினார். ஆயிரத்துச் சொச்சம் புத்தகங்களின் விவரங்களையும் உட்கார்ந்து தட்டி ஏற்றியவர் அவர் மனைவி பத்மராணி. சும்மா ஏற்றவில்லை, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அடியில் தன் பெயரைப் போட்டு ஒரு வரி எழுதிவைத்தார். "படம் கூட, எழுத்துக் குறைவு. சோம்பேறிப் பிள்ளைக்குக் குடுங்கோ." "முதல் பத்துப் பக்கம் அலுப்பு. பிறகு விடமாட்டீங்கள்." இரண்டு பனிக்காலத்துக்கு முன் பத்மராணி இறந்துபோனார். ரெடிமேடில் புத்தகத்தின் பெயருக்கும் எண்ணுக்கும் இடம் இருந்தது. அந்த ஒரு வரிக்கு இடம் இல்லை.

கமிட்டியில் இந்தப் பேச்சு வந்ததும் வரதராஜா குனிந்துகொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி துடைத்தார். சண்முகப்ரியாவுக்குத் தாங்கவில்லை. "மூணு வாரம் குடுங்க. எதையும் தூக்க வேண்டாம். நாலையும் ஒரே வாசலுக்குப் பின்னாடி வெச்சுத் தர்றேன்" என்றாள்.

"ரெஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கு ஒரே ஒரு கம்ப்ளைன்ட் வந்தாலும் ரெடிமேட்தாங்க" என்றார் ரஞ்சித்குமார்.

வேலை நடந்த இடம், வெண்பாவின் நீச்சல் வகுப்புக்கு வெளியே நிறுத்திய கார். லேப்டாப் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருக்கும். திட்டம் எளிது. பெற்றோர் ஒரே முகவரிக்கு வருவார்கள். வாசலில் நிற்கும் ப்ராக்ஸி, கேட்டது எதுவோ அதைப் பின்னாலிருக்கும் உரிய செயலியிடம் கொண்டுபோய்க் கேட்டு, பதிலை வாங்கி வந்து தானே சொன்னதுபோல் நீட்டும். சிக்கல் என்னவென்றால், நான்கு செயலிகளும் இத்தனை நாள் தனிக்குடித்தனம் நடத்தியவை. ஒவ்வொன்றும் மொத்த வீடும் தனக்கே என்று நினைத்துக்கொண்டிருந்தது. அவற்றுக்குப் பக்கத்து அறையில் ஆள் இருப்பதைப் புரியவைக்கவே இரண்டு வாரம் ஓடிப்போனது. "அம்மா, ஆர் யூ ஸ்டில் டாக்கிங் டு த கம்ப்யூட்டர்?" என்று ஈரத் தலையோடு வந்து ஏறிய வெண்பாவிடம், "அது சொன்னா கேக்குதுடி, உன்ன மாதிரி இல்ல" என்றாள்.

சேர்க்கைக்கு முந்தின ஞாயிறு, பத்துக் குடும்பங்களை வைத்து ஒத்திகை. பத்தே நிமிடத்தில் வாட்ஸப் குழு கொதித்தது. வருகைப் பதிவில் நுழைந்தவர்கள் நூலகத்தைத் தட்டினார்கள். திரும்பி வந்தால் வருகைப் பதிவு அவர்களை வெளியே தள்ளி, மறுபடி கடவுச்சொல் கேட்டது. நூலகத்தைத் தொட்டாலே வம்பு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. சற்று நேரத்தில் வரதராஜாவின் செய்தி வந்தது: "என்ட பக்கத்தாலதான் கரைச்சல் எண்டால் அதைக் கழட்டி விடுங்கோ. நான் கோவிக்க மாட்டன்."

அதைப் படித்ததும் சண்முகப்ரியா லேப்டாப்பை மறுபடி திறந்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயைக் கொடுத்தவள் அவள்தானே?

புதன்கிழமை, நீச்சல் குளத்து வாகன நிறுத்தத்தில் குட்டு வெளிப்பட்டது. உள்ளே நுழைபவருக்கு ஒவ்வொரு செயலியும் ஓர் அடையாளச் சீட்டு கொடுக்கும். நான்கு சீட்டுக்கும் ஒரே பெயர்! தனித்தனி முகவரியில் இருந்தவரை யாருக்கும் தொந்தரவில்லை. ஒரே வாசலுக்குள் வந்ததும், புதுச் சீட்டு பழைய சீட்டை அழித்துவிட்டது. பெயர் எப்படி ஒன்றானது? முதல் வருடம் ரஞ்சித்குமார், "இத வெச்சு ஆரம்பிங்க" என்று ஒரு மாதிரிச் செயலியை எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். நான்கு பேரும் அதையே பிரதியெடுத்து, மேலே கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். சீட்டின் பெயரை மாற்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ப்ராக்ஸியில் நான்கே வரிகள். நூலகச் சீட்டு நூலகத்துக்கு மட்டும், வருகைச் சீட்டு வருகைக்கு மட்டும் என்று வாசலிலேயே முத்திரை குத்தி அனுப்பும்படி செய்தாள். பிறகு ரஞ்சித்குமாரைக் கூப்பிட்டாள். "வரதராஜா அங்கிள் மேல தப்பில்லைங்க. நாலு பேரும் ஒரே சாம்பிள்ல இருந்து எழுதியிருக்காங்க, அவ்வளவுதான்."

ரஞ்சித்குமார் குரலைத் தாழ்த்தினார். "யாரு அனுப்பின சாம்பிள்?"

"அது எதுக்குங்க இப்ப."

சேர்க்கை நாள் வந்தது. இருநூறு குடும்பங்கள். கமிட்டி மொத்தமும் கஃபிடேரியாவில் மடிக்கணினிகளோடு உட்கார்ந்திருக்க, சண்முகப்ரியா வழக்கம்போலக் கதவில். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. பாக்கெட்டில் போன் சும்மா கிடந்தது. அது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. "நிலை ஒண்ணுங்களா? ரைட்ல மொத ரூம்" என்று சொல்லும்போதே கை போனைத் தொட்டுப் பார்த்தது.

பதினொரு மணிக்கு மானஸா என்ற புதுத் தாய், மகனையும் மூன்று புத்தகங்களையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஆன்லைன்லயே பாத்து எடுத்துட்டோங்க, ரொம்ப ஈஸியா இருந்துச்சு. யாருங்க இந்தப் பத்மராணி? அவங்க எழுதினதப் படிச்சுட்டு இவன் மூணும் வேணும்னு ஒரே அடம். அவங்களப் பாக்கணுமே?"

சண்முகப்ரியா வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து பதில் வந்தது. "அது என்ட மனுசி." வரதராஜாதான். கண்ணாடிக்குள் கண்கள் பளபளத்தன. "உங்கட மகன் வாசிச்சு முடிக்கட்டும். இன்னும் கனக்க எழுதி வச்சிருக்கிறா."

அவருக்குப் பின்னாலேயே ரஞ்சித்குமார். "ஒரு கம்ப்ளைன்ட்கூட வரலைங்க. நாலும் இருக்கட்டும்" என்றார். வரதராஜாவின் முகத்தைப் பார்த்து, "அங்கிள், அந்த சாம்பிள் நான் அனுப்பினதுதான். சாரி" என்றார். இம்முறை அதை யாரும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

வரதராஜா கறுப்புக் காலணி மாட்டிய தன் காலை நீட்டிக் கதவின் அடியில் வைத்தார். "பிள்ளை, நீர் உள்ளுக்குப் போம். எல்லாரும் உம்மைத்தான் தேடுகினம். கதவை நான் பிடிக்கிறன்."

மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சண்முகப்ரியா அந்தக் கதவை விட்டு நடந்தாள். கஃபிடேரியா வாசலில், இட்லித் தட்டுகளை இரண்டு கையிலும் அடுக்கிக்கொண்டு யாரோ நுழைந்துகொண்டிருந்தார்கள். உள்ளே, அவளைக் கண்டதும் கை தட்டத் தொடங்கிவிட்டார்கள். அவள் வெட்கத்தோடு தலையைக் குனிந்து சிரித்தாள். அதற்குள் அவளுடைய இடது கால், மூடப்போன கஃபிடேரியாக் கதவின் அடியில் போய் நின்றுவிட்டிருந்தது.