கலந்து கொடுத்த அரிசி

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், திருநெல்வேலிச் சந்திப்பிற்கு அருகே இருந்த ஓர் அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளராகப் பணியாற்றிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. தொடர்புடையவர்கள் பலர் நலமாக இருக்கிறார்கள். ஆதலால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் பணியாளர்களே கூடி நடத்திவந்த அறப்பணி ஒன்று இருந்தது. ஒவ்வொருவர் வீட்டிலும் நாள்தோறும் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். மாதம் பிறந்து ஊதியம் வாங்கிய மறுநாள், சேர்ந்த அரிசியைத் துணிப்பையில் அலுவலகத்திற்குக் கொண்டுவர வேண்டும். பருப்புக்கும் எண்ணெய்க்கும் ஊதியத்திலிருந்து ஆளுக்கொரு சிறு தொகை. அனைத்தும் சேரன்மாதேவி போகும் வழியில், ஆற்றங்கரையை ஒட்டியிருந்த பெண்குழந்தைகள் இல்லம் ஒன்றிற்குப் போய்ச் சேரும். பெற்றோரை இழந்த பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்துவந்தார்கள்.

இத்திட்டத்தைத் தொடங்கியவர் எங்கள் தலைமைக் கணக்கர். அலுவலகம் முழுவதற்கும் அவர் அண்ணாச்சி. என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். ஈகைக் குணமும் முன்கோபமும் ஒருசேர வாய்த்தவர். அரிசி சேரும் நாளன்று கூடத்தின் நடுவே பெரிய விரிப்பை விரித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். மேலாளர் வீட்டுப் பையும் கடைநிலை ஊழியர் வீட்டுப் பையும் அதே விரிப்பில் கவிழும். அண்ணாச்சி குனிந்து இரு கைகளாலும் அந்தக் குவியலைக் கிளறிக் கலந்துவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். “இந்தக் குவியலில் மேலாளர் எங்கே, ஏவலர் எங்கே? யாரேனும் பிரித்துக் காட்ட முடியுமா?” என்று நான் மாதந்தோறும் ஒரு சிற்றுரை ஆற்றுவேன். எல்லாரும் கைதட்டுவார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்த வாரத்தில், நாங்கள் திரளாக இல்லத்திற்குப் போவதுண்டு. பிள்ளைகள் மாலை அணிவிப்பார்கள். அரிசியெல்லாம் எப்படி இருக்கிறது என்று அண்ணாச்சி உரத்த குரலில் கேட்பார். இல்லத்தின் பொறுப்பாளரான அம்மையார், மிகவும் நன்றாக இருக்கிறது என்பார். பிறகு பந்தி. சோறு பூப்போல இருக்கும். நாங்கள் மனநிறைவோடு திரும்புவோம்.

ஒருநாள் சேரன்மாதேவியில் உறவினர் வீட்டுத் துக்கம் ஒன்றிற்குப் போய்விட்டு நண்பகலில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டது. மாசி மாத வெயில். அடுத்த வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. இல்லம் அருகில்தான் என்பது நினைவுக்கு வரவே, தண்ணீர் குடித்து வரலாம் என்று நடந்தேன்.

என்னைக் கண்டதும் அம்மையார் பதறிப்போனார். நான் துக்க வீட்டிலிருந்து உணவருந்தாமல் வருகிறேன் என்று அறிந்ததும் சாப்பிடாமல் விடமாட்டேன் என்றார். அதே மூச்சில், கொஞ்சம் பொறுங்கள், வேறு சோறு வடித்துத் தருகிறேன் என்றும் சொன்னார். எதற்கு வேறு சோறு, பிள்ளைகள் உண்பதே போதும் என்று சொல்லி இலையின் முன் அமர்ந்துவிட்டேன்.

முதல் கவளத்திலேயே பல்லில் கடுக்கென்று ஏதோ இடறியது. கல் என்று எண்ணினேன். கல்லன்று, வேகாத அரிசி. அதைச் சூழ்ந்து, கூழாகக் குழைந்த வேறொரு சோறு. இரண்டும் ஒரே கவளத்தில் இருந்தன. எதிர்வரிசையில் சிறுமிகள் குனிந்த தலை நிமிராமல் உண்டுகொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் வாயிலிருந்து எதையோ எடுத்து இலையோரத்தில் வைத்தாள். என்னைப் பார்த்ததும் அதை மீண்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கை கழுவிய பின் அம்மையாரிடம் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்று மழுப்பினார். நான் விடவில்லை. பைய, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“பச்சரிசியும் புழுங்கலும் ஒண்ணா வேகாது சார். அதுல புது நெல்லரிசியும் கெடக்கும், ரேசன் அரிசியும் கெடக்கும். சுளகுல பொடைச்சாலும் பிரியாது. லீவு நாள்ல பிள்ளையள் எல்லாரும் உக்காந்து கையாலயே பொறுக்கிப் பிரிச்சிருவாங்க. இப்பம் பெரிய பிள்ளையளுக்குப் பரீச்சை. படிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அப்போதுதான் பின்கட்டுக் கதவுக்கு அப்பால் பார்த்தேன். மிகச் சிறிய பிள்ளைகள் இருவர், ஒரு பாயில் பரப்பிய அரிசியின் இருபுறமும் அமர்ந்து, வெள்ளையை ஒரு பக்கமும் மங்கலான மஞ்சளை மறுபக்கமும் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். பரீட்சை இல்லாத வயது அவர்களுக்கு. யாரேனும் பிரித்துக் காட்ட முடியுமா என்று நான் கேட்டேனே, அதைத்தான் அந்த விரல்கள் செய்துகொண்டிருந்தன. நாங்கள் வரும் நாளில் மட்டும் கடையில் அரிசி வாங்கிப் பொங்குவார்கள் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

விடைபெறும்போது அம்மையார் வாயில் வரை வந்தார்.

“சார், இதை ஆபீஸ்ல சொல்லிராதீங்க. எப்படியோ வயிறு நெறையுது. அதையும் நிறுத்திட்டாங்கன்னா நான் எங்க போவேன்?”

அவர் அச்சம் வெற்று அச்சமன்று. அதற்கு முன் எங்கள் அலுவலகம் முதியோர் இல்லம் ஒன்றிற்கு ஆடைகள் கொடுத்துவந்தது. அவற்றுள் சில கிழிந்திருக்கின்றன என்று அங்கிருந்து ஒரு சொல் வந்தது. “குடுக்குதவனுக்கே குத்தம் சொல்லுதாங்களா? அப்பம் அவங்க வேற எடம் பாத்துக்கிடட்டும்” என்றார் அண்ணாச்சி. அத்துடன் அந்தக் கொடை நின்றுபோயிற்று. அவர் கெட்டவர் அல்லர். மனம் புண்பட்டுவிட்டால் அவருக்குக் கண் தெரியாது. அவ்வளவுதான்.

திரும்பும் வழியெல்லாம் இதே சிந்தனை. வாய் திறந்தால் பிள்ளைகளின் சோற்றுக்கே கேடு வரலாம். திறக்காவிட்டால் அந்தச் சிறு விரல்கள் ஆண்டு முழுவதும் அரிசி பொறுக்கும். ஊர் வந்து சேரும்போது வழியொன்று தோன்றியது.

அடுத்த மாதம் அரிசி சேர்ந்த நாளன்று, கலந்து முடிந்த குவியலின் முன்னே நின்று வழக்கம்போல் பேச எழுந்தேன். இம்முறை சுருக்கமாகவே பேசினேன். இத்திட்டம் தொடங்கி ஆண்டுகள் சில ஆகிவிட்டன. இதன் பொருட்டு நாம் ஒருநாளும் ஒன்றாக அமர்ந்து உண்டதில்லை. நாளை விடுமுறை, இந்த அரிசியிலேயே ஒரு பகுதியை எடுத்து நாமே பொங்கி உண்போம், உண்ட அளவிற்கு ஈடான அரிசியைக் கடையில் வாங்கிச் சேர்த்துவிடுவோம் என்றேன். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

“அதுக்கென்னவே, நானே உலை வைக்கேன். கோயில் கொடைக்கு ஆக்குன கையாக்கும் இது.”

மறுநாள் அலுவலகத்தின் பின்புற வேப்பமரத்தடியில் அடுப்பு மூட்டினோம். சாம்பார் மணந்தது, அவியல் அதைவிட மணந்தது. சோறு மட்டும் இறங்கவில்லை. அண்ணாச்சி அகப்பையில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார், வெண்ணெயாக நசுங்கியது. வடிக்கலாம் என்றார். ஏதோ ஐயம் தோன்ற, இன்னொன்றை எடுத்தார்; அது நசுங்க மறுத்தது.

“அண்ணாச்சி, பசி காதை அடைக்கி. இன்னுமா வேகுது?” என்று இளம் எழுத்தர் ஒருவர் சீண்டினார்.

“பொறுலே. ஒண்ணு வெந்துட்டு, ஒண்ணு முழிச்சிக்கிட்டு நிக்கி. நான் என்ன செய்ய?”

இன்னும் ஒரு கொதி விட்டார். பிறகும் ஒரு கொதி. வடித்தபோது கஞ்சியோடு பாதிச் சோறும் கரைந்து போயிற்று. எஞ்சியதை இலைகளில் பரிமாறினார்கள். ஆளுக்கொரு கவளத்தை வாயில் போட்டு மென்று பார்த்தார்கள். எங்கள் தட்டச்சு அம்மையார்தான் மெல்ல வாயைத் திறந்தார்.

“இந்தா கூழா ஓடுதே, இது எங்க வீட்டுப் பச்சரிசி. பல்லுல நிக்குதே, இது உங்க வீட்டுப் புழுங்கல் அண்ணாச்சி. உங்களை மாதிரியே விட்டுக் குடுக்க மாட்டேங்கி.”

பந்தியே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த கவளத்தைப் பிசைந்தவர், வாய்க்குக் கொண்டுபோகாமல் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த சோற்றையே பார்த்தார். அவர் சிரிப்பு எந்தக் கணத்தில் மறைந்தது என்பதைப் பந்தியில் மற்றவர்கள் கவனித்தார்களோ இல்லையோ, எதிரே அமர்ந்திருந்த நான் கவனித்தேன். பலர் சோற்றை இலையில் வைத்தே மடித்துவிட்டு எழுந்தார்கள். அவர் மட்டும் கடைசிப் பருக்கை வரை உண்டு முடித்தார்.

கை கழுவுமிடத்தில் என்னருகே வந்து நின்றார். குரல் தாழ்ந்திருந்தது.

“நீரு அங்க போயிருந்தீரா?”

ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போனேன், சாப்பிட வைத்தார்கள் என்றேன்.

“அந்தம்மா ஏதும் குறை சொன்னாளா?”

“இல்லை. எனக்கென்று வேறு சோறு வடிக்கிறேன் என்றுதான் சொன்னார்கள்.”

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் குழாயை மூட மறந்துவிட்டார்.

“வருசா வருசம் கேட்டேனே வே. நல்லாருக்குன்னுதான சொன்னா.”

நான் கை நீட்டிக் குழாயை மூடினேன். மாலையும் கழுத்துமாக நின்று கேட்டால் வேறென்ன விடை கிடைக்கும் என்பது அவருக்கும் அந்நேரம் விளங்கியிருக்க வேண்டும். தோள்துண்டால் முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குவியலை அப்படியே இல்லத்திற்கு அனுப்ப அவர் ஒப்பவில்லை. மாவரைத்துப் புட்டுக்கும் இடியாப்பத்திற்கும் ஆகட்டும் என்று அரைவை நிலையத்திற்குக் கொடுத்தனுப்பினார். அம்மாதச் சோற்றுக்கெனத் தம் வயலில் விளைந்து வீட்டில் வைத்திருந்த பிசானப் பருவத்து நெல்லைக் குத்தி அனுப்பினார். அடுத்த மாதம் கூடத்தில் மூன்று விரிப்புகள் கிடந்தன. அண்ணாச்சி வாயிலிலேயே நின்று, ஒவ்வொரு பையிலிருந்தும் ஓர் அரிசியை எடுத்துக் கடித்துப் பார்த்தார். “இது பச்சை, இங்கன தட்டும். இது புழுங்கல், அங்கன. இது புது நெல்லு, அந்த ஓரத்துக்குப் போவும்.” மேலாளரின் பைக்கும் அதே ஆய்வுதான். ஏன் என்று கேட்டவர்களிடம், அன்றைக்கு நீர் இலையை மடித்தீரா இல்லையா என்று மட்டும் கேட்பார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மூட்டைகளோடு அவரும் நானும் இல்லத்திற்குப் போனோம். முன்னறிவிப்பு இல்லை, மாலையும் இல்லை. அம்மையார் மூன்று மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கலங்கிய முகத்தோடு என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையசைத்தேன். அதற்குள் அண்ணாச்சி, இன்றைக்கு எங்களுக்கும் பிள்ளைகளோடு ஓர் இலை போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்த் தரையில் அமர்ந்துவிட்டார். பின்கட்டுக் கதவுக்கு அப்பால் அந்தப் பாய் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அன்று அதில் அரிசி பொறுக்கிய சிறுமிகள் இருவரும் முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நான் ஓய்வு பெறும் வரையில் அந்தச் சிற்றுரையை ஆற்றவே இல்லை. கொடை என்று எங்கேனும் கூட்டம் கூடும்போதெல்லாம், ஒரே விரிப்பில் கிடந்த அந்தக் குவியல் இன்றும் என் கண்முன் வந்து நிற்கிறது. உண்மையிலேயே அழகான குவியல்தான். ஆனால் அதைச் சுற்றி நின்று கைதட்டிய எங்களுள், அதை உண்ண வேண்டியவர் ஒருவரும் இருக்கவில்லை.